தேர்ந்தெடுத்த வரியை எடிட்டரிலிருந்தே வலையில் தேடும் பிளகின்: எழுதிவிட்டேன், இப்போது சில கேள்விகள்

#1 அரைப்புள்ளி | சனி, இரவு 9:12

வணக்கம் நண்பர்களே. நான் சப்ளைம் டெக்ஸ்ட் 4 என்ற எடிட்டரில் வேலை செய்கிறேன், பெரும்பாலும் பைத்தான், நடுநடுவே ஜாவாஸ்கிரிப்ட். ஒரு எரரைக் காப்பி செய்து, பிரவுசருக்குத் தாவி, புது டேப் திறந்து, ஒட்டி, என்டர் தட்டுவது என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறேன் என்று போன வாரம் கவனித்தேன், எரிச்சலாகிவிட்டது. ஐந்து விநாடி வேலைதான். ஆனால் அந்த ஐந்து விநாடியில் கண் பக்கத்து டேப்பில் இருக்கிற மெயிலில் விழுந்துவிடுகிறது, திரும்பி வரும்போது எந்த வரியில் நின்றேன் என்பதை மறுபடி தேட வேண்டியிருக்கிறது.

சப்ளைமின் பிளகின்களை நிறுவித் தருகிற பேக்கேஜ் கன்ட்ரோலில் இதற்கென்று தயாராகவே சில இருக்கின்றன, தெரியும். எனக்கு வேண்டியது கொஞ்சம் வேறு. பைத்தானில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தால் பைத்தான் ஆவணத்துக்குப் போக வேண்டும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் அதன் ஆவணம் இருக்கிற எம்டிஎன் தளத்துக்கு, எரர் என்றால் பொதுத் தேடலுக்கு. அதனால் நேற்று மாலை உட்கார்ந்து நானே எழுதினேன்.

மொத்தம் இருபது வரி. டெக்ஸ்ட்கமாண்ட் கிளாஸ் ஒன்று. வியூ.செல் தருகிற ரீஜியனை (தேர்ந்தெடுத்த பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை) வியூ.சப்ஸ்டர்-க்குக் கொடுத்தால் தேர்ந்தெடுத்த எழுத்து வருகிறது. அதைத் தேடுபொறி முகவரியின் கடைசியில் ஒட்டி, பைத்தானோடு வருகிற வெப்பிரவுசர் மாட்யூலிடம் திறக்கச் சொன்னால் வேலை முடிந்தது. ஒரு கீபைண்டிங், ரைட் கிளிக் மெனுவில் ஒரு வரி. எழுதி முடித்து ஓட்டியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

இன்று முழுவதும் பயன்படுத்திப் பார்த்தேன். மூன்று இடத்தில் உதைக்கிறது:

ஒன்று, "சி#" என்று தேர்ந்தெடுத்துத் தேடினால் பிரவுசரில் "சி" மட்டும் போகிறது. "சி++" தேடினாலும் அதே கதை.

இரண்டு, எதையும் தேர்ந்தெடுக்காமல் கீயை அழுத்தினால் வெற்றுத் தேடல் பக்கம் திறக்கிறது.

மூன்று, ஒரு ட்ரேஸ்பேக்கை (எரர் வரும்போது பைத்தான் காட்டுகிற நீளமான விவரத்தை) முழுசாகத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் ஒரு முடிவும் வருவதில்லை, வந்தாலும் சம்பந்தமில்லாத பக்கங்கள்.

நீங்களெல்லாம் இதை எப்படிச் செய்கிறீர்கள்? எடிட்டர் எதுவானாலும் சரி, சொல்லுங்கள்.

#2 வரிசைமாற்றி | சனி, இரவு 9:40

முதல் சிக்கலுக்குக் காரணம் நீங்கள் எழுத்தை அப்படியே ஒட்டுவதுதான். யூஆர்எல்லில் # குறிக்கு என்று ஒரு வேலை இருக்கிறது, அதற்குப் பின்னால் வருவது பக்கத்துக்குள் எந்த இடம் என்று பிரவுசருக்குச் சொல்வது, சர்வருக்கு அது போகவே போகாது. அதனால்தான் தேடுபொறி "சி"-யை மட்டும் பார்க்கிறது. கூட்டல் குறியின் கதை வேறு: படிவத்திலிருந்து அனுப்பும் முறையில் + என்றால் இடைவெளி என்று பொருள், ஆக "சி++" என்பது சி-யும் இரண்டு இடைவெளியுமாகப் போய்ச் சேருகிறது. & இன்னும் மோசம், அது ஒரு அளவுருவை முடித்து அடுத்ததைத் தொடங்கிவிடும். இஃப் நிபந்தனையில் இருக்கிற இரட்டை & ஒன்றைத் தேடிப் பாருங்கள், பாதி வரி காணாமல் போயிருக்கும்.

இந்தக் குறிகளை % போட்ட குறியீடாக மாற்றுகிற (என்கோட் செய்கிற) ஃபங்ஷன் பைத்தானிலேயே இருக்கிறது, யூஆர்எல்லிப் பார்ஸ்-இல் இருக்கிற கோட்_பிளஸ் வழியாக அனுப்புங்கள், தீர்ந்துவிடும். வெறும் கோட் என்று ஒன்றும் இருக்கிறது, அது சாய்கோட்டை மட்டும் மாற்றாமல் விட்டுவிடும், கேட்டால்தான் மாற்றும். விஎஸ் கோட் எடிட்டருக்கு ஜாவாஸ்கிரிப்டில் பிளகின் எழுதுபவர்களுக்கும் இதே மாதிரி ஒரு குழி உண்டு. என்கோட்யூஆர்ஐ, என்கோட்யூஆர்ஐகாம்போனன்ட் இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். முதலாவது முழு முகவரிக்கானது, அதனால் # & + மூன்றையும் தொடாது. தேடும் சொல்லுக்கு இரண்டாவதுதான்.

இன்னொன்று, ஒரு தடவைதான் மாற்ற வேண்டும். இரண்டு தடவை மாற்றினால் %20 என்பது %2520 ஆகிவிடும், தேடல் பெட்டியில் இடைவெளிக்குப் பதிலாக %20 என்றே எழுத்தாக நிற்கும். அப்படி எங்காவது பார்த்தால் யாரோ நடுவில் இன்னொரு முறை மாற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது சிக்கல் எளிது. ரீஜியன் வெறுமையாக இருந்தால் வியூ.வேர்டு-க்குக் கொடுங்கள், கர்சர் நிற்கிற சொல் கிடைக்கும். உண்மையில் எனக்கு அதுதான் அதிகம் பயன்படுகிறது, தேர்ந்தெடுக்கிற வேலையே மிச்சம்.

#3 பழைய விசைப்பலகை | சனி, இரவு 10:25

விம் எடிட்டர் பக்கத்திலிருந்து நான் சொல்கிறேன். நமக்குப் பெரிய எழுத்து கே அழுத்தினால் கர்சருக்குக் கீழே இருக்கிற சொல்லுக்கு மேன் பக்கம் (யூனிக்ஸ் கையேடு) திறக்கும், அது எவ்வளவோ காலமாக இருக்கிற வசதி. கீவேர்டுபிஆர்ஜி என்ற அமைப்பை மாற்றி மேனுக்குப் பதில் வேறு நிரலையும் வைத்துக்கொள்ளலாம். பலர் அதில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டை வைத்து வலையில் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன்.

தம்பி, இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, அதற்காகத்தான் எழுதுகிறேன். தேர்ந்தெடுத்த எழுத்தை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து ஷெல்லுக்குக் கொடுத்தால் அது வெறும் எழுத்தாகப் போகாது. ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் படித்துக்கொண்டிருந்தேன், அதில் டாலர் குறியும் அடைப்பும் போட்டு உள்ளே ஒரு கட்டளை இருந்தது, பழைய கோப்புகளை அழிக்கிற கட்டளை. அது என்ன செய்கிறது என்று தேடத்தான் தேர்ந்தெடுத்தேன். ஷெல் அதைத் தேடவில்லை, ஓட்டிவிட்டது. நல்லவேளையாக அந்த அடைவு என் மெஷினில் இல்லை, "அப்படி ஒன்று இல்லை" என்று ஒரு வரி மட்டும் வந்தது. அந்த வரியைப் பார்த்த பிறகுதான் நடந்தது புரிந்து கை நடுங்கியது.

விம்மில் இன்னொன்றும் உண்டு. ஆச்சரியக்குறி போட்டு வெளிக்கட்டளை ஓட்டும்போது % என்பது இப்போதைய கோப்பின் பெயராக மாறும், # என்பது மாற்றுக் கோப்பின் பெயராக மாறும். ஒழுங்காக என்கோட் செய்த முகவரியில் முழுக்க முழுக்க % தானே இருக்கும், ஒவ்வொன்றிலும் கோப்புப் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஷெல்எஸ்கேப் ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாக 1 கொடுத்தால் அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும். நிறைய பேர் ஒரு மதிப்போடு நிறுத்திவிடுகிறார்கள்.

நீங்கள் வெப்பிரவுசர் மாட்யூல் வைத்திருப்பதால் பெரும்பாலும் தப்பித்தீர்கள். நாளைக்கு வேறு பிரவுசரைத் திறக்க வேண்டும் என்று சப்பிராசஸ் (வேறு நிரலை ஓட்டுகிற பைத்தான் மாட்யூல்) பக்கம் போனால், கட்டளையையும் முகவரியையும் பட்டியலாகக் கொடுங்கள், ஷெல் வழியாக ஓட்டவே ஓட்டாதீர்கள்.

#4 கட்டம் போட்ட நோட்டு | சனி, இரவு 10:31

நோட்பேட்++-இல் இது பிளகினே இல்லாமல் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எடிட் மெனுவில் ஆன் செலக்ஷன், அதற்குள் சர்ச் ஆன் இன்டர்நெட். பிரெஃபரன்சஸில் தேடுபொறி எது என்று மாற்றலாம், நாமே ஒரு முகவரியும் கொடுக்கலாம். ஜீனி எடிட்டரிலும் கான்டெக்ஸ்ட் ஆக்ஷன் என்று ஒன்று உண்டு, %எஸ் போட்ட இடத்தில் சொல் போய் உட்காரும். நான் பிஎச்பி எழுதுகிறவன், பிஎச்பி தளத்தின் முகவரிக்குப் பின்னால் ஃபங்ஷன் பெயரைப் போட்டாலே நேராகக் கையேட்டுப் பக்கத்துக்குப் போய்விடும், அதனால் எனக்குத் தேடுபொறியே தேவைப்படவில்லை.

குறை என்றால், நோட்பேட்++-இல் ஒரே ஒரு இடம்தான் வைக்க முடிகிறது. மொழிக்கு ஒன்று என்று நீங்கள் கேட்பது அதில் வராது.

#5 அரைப்புள்ளி | ஞாயிறு, காலை 7:50

எல்லோருக்கும் நன்றி. கோட்_பிளஸ் போட்டேன், "சி#" ஒழுங்காகப் போகிறது. கர்சர் சொல்லும் வேலை செய்கிறது. பழைய விசைப்பலகை அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு முதல் வேலையாக என் நிரலில் எங்காவது ஷெல் இருக்கிறதா என்று தேடினேன், இல்லை.

இன்று காலை புதிதாக ஒன்று. கன்ட்ரோல் டி அழுத்தி ஒரு மாறியின் பெயரை வரிசையாகத் தேர்ந்தெடுத்திருந்தேன், பெயர் மாற்றுவதற்காக. பதினெட்டு இடம். அந்த நிலையில் தேடல் கீயில் கை பட்டுவிட்டது, பதினெட்டு டேப்பும் திறந்துவிட்டது. சப்ளைமில் வியூ.செல் என்பது ஒரு ரீஜியன் இல்லை, ரீஜியன்களின் பட்டியல், நான் அதில் ஃபார் லூப் போட்டிருந்தேன். இப்போது ஒரே மாதிரி இருப்பதை எல்லாம் ஒன்றாக்கி, அதற்கப்புறமும் மூன்றுக்கு மேல் இருந்தால் ஒன்றும் செய்யாமல் கீழே நிலைப்பட்டையில் சொல்லிவிடுகிறது. முதல் ரீஜியனை மட்டும் எடுத்தால் போதும் என்று முதலில் நினைத்தேன், ஆனால் இரண்டு சொல்லைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துத் தேடுவது நல்ல வசதியாக இருக்கிறது, எரரிலிருந்து ஒரு சொல், லைப்ரரியின் பெயர் ஒன்று என்று. அதை விட மனமில்லை.

#6 மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, காலை 11:05

நான் சர்வர் நிர்வாகப் பக்கம் வேலை செய்கிறவள். இந்த இழையில் யாரும் இதுவரை தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முன்பு வேலை செய்த இடத்தில் என் குழுவில் ஒருவர் இதே மாதிரி பிளகின் ஒன்றை வைத்திருந்தார். டேட்டாபேஸ் இணைப்பு ஓடவில்லை, கான்ஃபிக் கோப்பில் ஆறு வரியைத் தேர்ந்தெடுத்துக் கீயை அழுத்திவிட்டார். அந்த ஆறு வரியில் நாலாவது வரி பாஸ்வேர்டு. புரொடக்ஷன் பாஸ்வேர்டு. பிரவுசர் திறந்தது, மேலே முகவரிப் பட்டையில் அது அப்படியே நிற்கிறது, அவர் எழுந்து என் இடத்துக்கு வந்து சத்தமில்லாமல் "அக்கா, ஒரு நிமிஷம் வாங்க" என்றார்.

அந்த ஒரு கீ அழுத்தலில் அது எங்கெல்லாம் போய்விட்டது என்று யோசியுங்கள். தேடுபொறிக்குப் போனது. பிரவுசரின் ஹிஸ்டரியில் பதிந்தது. அவர் பிரவுசரை சிங்க் போட்டு வைத்திருந்தார், ஆக வீட்டுக் கணினிக்கும் போனது. எச்டிடிபிஎஸ் இருப்பதால் வழியில் யாரும் படிக்க முடியாது என்பது உண்மைதான், ஆனால் எல்லா இணையப் போக்குவரத்தும் கடந்து போகிற அலுவலக புராக்சி அந்தப் பூட்டையே (டிஎல்எஸ்) பிரித்துப் பார்க்கிற வகை, அதன் லாகில் முழு முகவரியும் இருக்கும். ஹிஸ்டரியை அழித்துவிட்டால் சரியாகிவிடுமா என்று அவர் கேட்டார். ஆகாது. அன்றிரவே பாஸ்வேர்டை மாற்றினோம், அதைப் பயன்படுத்திய ஒவ்வொரு சர்வீஸையும் கண்டுபிடித்து மீண்டும் தொடங்க விடியற்காலை ஆகிவிட்டது.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காப்பி பேஸ்ட் செய்திருந்தால் ஒட்டிய பிறகு என்டர் தட்டுவதற்கு முன் அந்த வரி அவர் கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் எரிச்சல் என்று சொன்ன அந்த ஐந்து விநாடியில்தான் மனிதர் தான் அனுப்பப் போவதைப் படிக்கிறார். பிளகின் அந்த விநாடியை எடுத்துவிடுகிறது. எடுத்தால் அதற்குப் பதிலாக வேறு எதையாவது வைக்க வேண்டும்.

என் கோரிக்கை இதுதான்: அனுப்புவதற்கு முன் தேடப் போகும் வரியை ஒரு பெட்டியில் காட்டுங்கள், திருத்த விடுங்கள், என்டர் தட்டினால் போகட்டும். சப்ளைமில் ஷோ_இன்புட்_பேனல், விஎஸ் கோடில் ஷோஇன்புட்பாக்ஸ். இரண்டிலும் தொடக்க மதிப்பு கொடுக்க முடியும். நாலு வரி வேலை.

#7 தாவும் கர்சர் | ஞாயிறு, காலை 11:32

மூன்றாம் ஷிப்ட் சொல்வது புரிகிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. நான் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை ஒற்றைச் சொல்லைத் தேடுகிறேன், ஃபங்ஷன் பெயர், கிளாஸ் பெயர். ஒவ்வொரு தடவையும் பெட்டி வந்து என்டர் கேட்டால் மூன்றாவது நாள் பார்க்காமலேயே என்டர் தட்டப் பழகிவிடுவேன், அப்புறம் அந்தப் பெட்டி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரே வரி, சின்னது என்றால் நேராகப் போகட்டும். பல வரி என்றாலோ நீளமாக இருந்தாலோ மட்டும் கேட்கட்டும்.

#8 மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, பகல் 12:10

பார்க்காமல் தட்டப் பழகிவிடும் என்பது நியாயமான பேச்சு, நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் நீளத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். டோக்கன்கள் (பாஸ்வேர்டு மாதிரி ஒரு சர்வீஸுக்குள் நுழைய விடும் ரகசிய எழுத்துகள்) ஒற்றைச் சொல்தான், நடுவில் இடைவெளியே இருக்காது, இரண்டு தடவை கிளிக் செய்தால் முழுசாகத் தேர்ந்துகொள்ளும்.

#9 வரிசைமாற்றி | ஞாயிறு, மாலை 4:15

இதற்கு சப்ளைமிலேயே ஒரு வழி இருக்கிறது. வியூ.ஸ்கோப்_நேம் என்று கேட்டால் அந்த இடத்தில் இருப்பது என்ன என்று சொல்லும்: சோர்ஸ்.பைத்தான், அதற்குள் ஸ்ட்ரிங் (மேற்கோளுக்குள் இருக்கிற எழுத்து), கமென்ட் (ஓடாத குறிப்பு வரி), ஃபங்ஷன் பெயர் என்று. அரைப்புள்ளி முதலில் கேட்ட மொழிக்கேற்ற ஆவணம் என்பதற்கும் இதுதான் சரியான வழி, கோப்பின் பின்னொட்டைப் பார்க்காதீர்கள். எச்டிஎம்எல் கோப்பில் ஸ்கிரிப்ட் பகுதிக்குள் கர்சர் இருந்தால் பின்னொட்டு எச்டிஎம்எல் என்றுதான் சொல்லும், ஸ்கோப்போ அங்கே ஜாவாஸ்கிரிப்ட் என்று சரியாகச் சொல்லும். மேட்ச்_செலக்டர் போட்டால் ஒரே வரியில் சோதித்துவிடலாம்.

அதையே பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாம் என்று இப்போது தோன்றுகிறது. தேர்ந்தெடுத்ததில் ஸ்ட்ரிங் ஸ்கோப் கொஞ்சம் கலந்திருந்தாலும் பெட்டி வரட்டும். பாஸ்வேர்டும் டோக்கனும் நிரலுக்குள் இருந்தால் ஸ்ட்ரிங்காகத்தான் இருக்கும், ஃபங்ஷன் பெயராக இருக்காது. தாவும் கர்சர் தேடுகிற ஐம்பதும் பெயர்கள்தானே, அவற்றுக்குப் பெட்டி வராது.

#10 மூன்றாம் ஷிப்ட் | ஞாயிறு, மாலை 4:48

இது நன்றாக இருக்கிறது. ஒரு ஓட்டை: பாஸ்வேர்டு மாதிரி அமைப்புகளை வைக்கிற என்வ் கோப்புகளில் பெரும்பாலும் மேற்கோள் இருக்காது, பல நேரம் எடிட்டர் அதை வெறும் எழுத்தாகத்தான் திறக்கும், ஸ்ட்ரிங் என்ற ஸ்கோப் கிடைக்காது. யாமல் என்ற கான்ஃபிக் வடிவத்திலும் மேற்கோள் இல்லாமல் எழுதலாம். அதனால் வெறும் எழுத்து, யாமல், ஐஎன்ஐ, ஜேசன் இவற்றில் எது தேர்ந்தெடுத்தாலும் பெட்டி வரும்படி வையுங்கள்.

#11 லாக் வாசகன் | ஞாயிறு, இரவு 8:20

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். ட்ரேஸ்பேக் முழுசாக அனுப்பினால் ஏன் ஒன்றும் வரவில்லை என்றால், அதில் முக்கால்வாசி உங்கள் மெஷினுக்கு மட்டும் சொந்தமானது. உங்கள் ஹோம் அடைவின் பெயர், உங்கள் கோப்புப் பெயர், வரி எண், நினைவக முகவரி. உலகத்தில் வேறு யார் பக்கத்திலும் அது இருக்காது. போதாக்குறைக்கு கூகுள் 32 சொல்லுக்கு மேல் கண்டுகொள்ளாது, ட்ரேஸ்பேக்கில் அந்த 32-ம் மேலே இருக்கிற பாதைகளிலேயே தீர்ந்துவிடும், உண்மையான எரர் பைத்தானில் கடைசி வரியில்தானே இருக்கிறது. ஜாவாவில் முதல் வரியும், கீழே "காஸ்டு பை" என்று தொடங்குகிற கடைசி வரியும்தான் முக்கியம்.

அதனால் நான் முதலில் ஒரு சுத்தம் செய்கிற ஃபங்ஷன் எழுதினேன்: பாதைகளை எடு, எண்களை எடு, பதினாறடிமான எண்களை எடு, ஒற்றை மேற்கோளுக்குள் இருப்பதை எடு. ஒரு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் விண்டோஸில் 80070005 என்ற எண்ணோடு ஒரு எரர் வந்தது, அது அனுமதி மறுப்புக்கான எண், அந்த எண்ணை வைத்துத்தான் பதிலே கிடைக்கும். என் ஃபங்ஷன் அதை நினைவக முகவரி என்று நினைத்துத் தூக்கிவிட்டது.

மேற்கோள் விஷயமும் அப்படித்தான். கீஎரர் வந்தால் மேற்கோளுக்குள் இருப்பது என் டிக்ஷனரியின் கீ, "மாணவர்_எண்" மாதிரி ஒன்று, அதை எடுத்துவிட்டால்தான் தேடல் உருப்படும். ஆனால் மாட்யூல்நாட்ஃபவுண்ட்எரர் வந்தால்? 'சிவி2' என்ற மாட்யூல் இல்லை என்று சொல்கிறது. அந்தச் சிவி2-வை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அது இருந்தால்தான் பிப்பில் நிறுவ வேண்டியது ஓப்பன்சிவி-பைத்தான் என்ற வேறு பெயர் என்பது முதல் முடிவிலேயே கிடைக்கும்.

விதி எழுதி எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு விதிக்கும் எதிரான எரர் ஒன்று வந்துகொண்டே இருந்தது. கடைசியில் பாதைகளையும் வரி எண்களையும் மட்டும் எடுத்துவிட்டு மீதியைப் பெட்டியில் காட்டுகிறேன், எது வேண்டும் எது வேண்டாம் என்பதை நானே பார்த்து அழிக்கிறேன். ஆக மூன்றாம் ஷிப்ட் பாதுகாப்புக்காகக் கேட்ட அதே பெட்டி தேடல் சரியாக வருவதற்கும் வேண்டியிருக்கிறது. இரண்டு வருடமாக இப்படித்தான் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் உறுத்தவில்லை.

#12 புதுமுகம் | ஞாயிறு, இரவு 9:02

குறுக்கே கேட்கிறேன், மன்னிக்கவும். இப்போதெல்லாம் எடிட்டருக்குள்ளேயே ஏஐ-யிடம் கேட்டுவிடலாமே, தேடல் பிளகின் எதற்கு?

#13 பழைய விசைப்பலகை | ஞாயிறு, இரவு 9:30

கேட்கலாம், நானும் கேட்கிறேன். ஆனால் இந்தப் பதிப்பில் இந்த ஃபங்ஷனின் நாலாவது மதிப்பு என்ன என்று தெரிய வேண்டும் என்றால் அதை எழுதியவர்களின் கையேட்டைத்தான் நான் நம்புவேன். அப்புறம், பாஸ்வேர்டு சமாச்சாரம் அங்கேயும் அப்படியே இருக்கிறது, இன்னும் சொன்னால் அங்கே முழுக் கோப்பும் போகலாம்.

#14 வரிசைமாற்றி | ஞாயிறு, இரவு 9:55

குறிகளைத் தேடுவது பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிளகின் சரியாக அனுப்பியும் முடிவு வராத இடம் அது. கேள்விக்குறியும் புள்ளியும் சேர்ந்து வருகிற அந்த ஜாவாஸ்கிரிப்ட் குறி, இரட்டைக் கேள்விக்குறி, பைத்தானின் := இதையெல்லாம் தனியாகத் தேடினால் பொதுத் தேடுபொறிகள் நிறுத்தக்குறி என்று பெரும்பாலும் ஒதுக்கிவிடும். கூகுளே 2006-இல் கோட் சர்ச் என்று ஒன்றைத் திறந்தது, அதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்துகள் எப்படி அமைந்திருக்க வேண்டும் என்று சொல்கிற வடிவம்) கொடுத்தே தேடலாம், மும்மூன்று எழுத்தாகப் பிரித்து அட்டவணை வைத்திருந்தார்கள். 2012 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அதை எழுதிய ரஸ் காக்ஸ் அது எப்படி வேலை செய்தது என்று விளக்கி எழுதியிருக்கிறார், தேடல் பிளகின் எழுதுகிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. இப்போது கிட்ஹப்பின் புதிய கோட் தேடல் 2023-இல் எல்லோருக்கும் வந்திருக்கிறது, இரண்டு சாய்கோட்டுக்கு நடுவில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் கொடுக்கலாம்.

ஆனால் குறியின் பொருள் தெரிய வேண்டும் என்றால் அதன் பெயர் தெரிய வேண்டும். நான் பிளகினில் ஒரு சின்ன அகராதி வைத்திருக்கிறேன்: ?. வந்தால் ஆப்ஷனல் செயினிங், ?? வந்தால் நல்லிஷ் கோயலசிங், === வந்தால் ஸ்ட்ரிக்ட் ஈக்வாலிட்டி, := வந்தால் அசைன்மென்ட் எக்ஸ்பிரஷன். தேர்ந்தெடுத்ததில் எழுத்தே இல்லை, குறி மட்டும்தான் என்றால் அகராதியைப் பார்த்துப் பெயரை அனுப்பும். முப்பது வரி எழுதினால் மூன்று மொழிக்குப் போதும்.

#15 உயிர்மெய் | திங்கள், காலை 6:40

தமிழ் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்துத் தேடுகிறவர்கள் இங்கே இருப்பார்கள், அவர்களுக்காக. நான் தமிழ் சொற்களைக் கையாளுகிற நிரல்கள் எழுதுகிறேன், ஸ்ட்ரிங்குகளில் நிறையத் தமிழ் இருக்கும். தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் யூடிஎஃப்-8-இல் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் யூஆர்எல்லில் மூன்று எழுத்து. "தமிழ்" என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, ஆக முகவரியில் 45 எழுத்து. இரண்டு வரி தமிழைத் தேர்ந்தெடுத்தாலே முகவரி ஆயிரத்தைத் தாண்டும்.

இதனால் என்ன ஆகிறது என்றால், முகவரி நீளமாக இருக்கக் கூடாது என்று சில பிளகின்கள் என்கோட் செய்த பிறகு நறுக்குகின்றன. நறுக்கிய இடம் ஒரு எழுத்தின் நடு பைட்டில் விழுந்தால் கடைசியில் கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும். நறுக்குவதானால் என்கோட் செய்வதற்கு முன்பே நறுக்க வேண்டும். அப்போதும் "மி"-யின் நடுவில் வெட்டினால் இகரம் போய் "ம" மட்டும் நிற்கும், பைத்தானுக்கு அது இரண்டு குறியீடு, நமக்குத்தான் ஒரே எழுத்து. நான் பின்னோக்கிப் போய் கடைசி இடைவெளியில் வெட்டுகிறேன், சொல் முழுசாக இருக்கும்.

சப்ளைம் டெக்ஸ்ட் 2 காலத்துப் பிளகின் எதையாவது எடுத்துத் திருத்துகிறீர்கள் என்றால் கவனம். அது பைத்தான் 2.6, அதில் யூனிகோடு தமிழை அப்படியே கோட் ஃபங்ஷனுக்குக் கொடுத்தால் கீஎரர் கொடுத்து நின்றுவிடும். முதலில் யூடிஎஃப்-8 ஆக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகவே மாற்றியதை இப்போதைய பதிப்பில் அப்படியே வைத்துக்கொண்டும் சிலர் குழம்புகிறார்கள்.

#16 தாவும் கர்சர் | திங்கள், காலை 9:15

டபிள்யூஎஸ்எல்-இலோ (விண்டோஸுக்குள் ஓடுகிற லினக்ஸ்) எஸ்எஸ்எச் வழியாக வேறு மெஷினிலோ வேலை செய்கிறவர்கள் இருந்தால்: பிளகின் ஓடுவது அந்தப் பக்கம், பிரவுசர் இருப்பது இந்தப் பக்கம். லினக்ஸில் முகவரியைத் திறக்கிற எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளை அங்கே பிரவுசரைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் விழிக்கும். விஎஸ் கோடில் என்வ்.ஓப்பன்எக்ஸ்டர்னல் வழியாகத் திறந்தால் அது நம் மெஷினிலேயே திறக்கிறது. சப்ளைமில் இந்தத் தொல்லை குறைவு, எடிட்டர் நம் பக்கத்தில்தான் ஓடுகிறது. பெட்டி பற்றி: ஸ்கோப் பார்த்துக் காட்டுவது என்றால் எனக்குச் சம்மதம்.

#17 அரைப்புள்ளி | திங்கள், இரவு 10:05

இன்று மாலை முழுக்க இதிலேயே போனது. இருபது வரி நூற்றிப் பத்து வரி ஆகியிருக்கிறது, ஒரு வரியும் வீண் இல்லை என்று நினைக்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்றால், கர்சர் ஒரு பெயரின் மேல் இருந்து கீயை அழுத்தினால் ஸ்கோப் பார்த்து நேராக ஆவணத்துக்குப் போகிறது, பெட்டி கிடையாது. ஸ்ட்ரிங் கலந்தாலோ, ஒரு வரிக்கு மேல் போனாலோ, கோப்பு வெறும் எழுத்தாகவோ கான்ஃபிக்காகவோ இருந்தாலோ பெட்டி வருகிறது. அதில் பாதைகளும் வரி எண்களும் ஏற்கெனவே எடுத்து வைத்திருக்கும், எதைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் எஸ்கேப் தட்டினால் ஒன்றும் வெளியே போகாது. தமிழ் இருந்தால் இடைவெளியில் வெட்டுகிறது. குறிகளுக்கு அகராதி வைத்தேன், இப்போதைக்குப் பன்னிரண்டுதான்.

மூன்றாம் ஷிப்ட் அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு என் பிரவுசர் ஹிஸ்டரியில் சனிக்கிழமை தேடியதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு டெஸ்ட் சர்வீஸின் டோக்கன் ஒன்று இருந்தது. நான் அனுப்பியது எனக்கே தெரியவில்லை. உடனே ரத்து செய்து புதிதாக வாங்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம் மிச்சம். கமென்ட்டுக்குள் தேர்ந்தெடுத்தால் பெட்டி வர வேண்டுமா? இப்போதைக்கு வரவில்லை.

#18 மூன்றாம் ஷிப்ட் | திங்கள், இரவு 10:31

வர வேண்டும். பழைய பாஸ்வேர்டை கமென்ட் ஆக்கி விட்டுவைத்திருக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அதில் பாதி இன்னும் வேலை செய்கிற பாஸ்வேர்டுகள்.

#19 அரைப்புள்ளி | திங்கள், இரவு 10:44

சேர்த்துவிட்டேன் அக்கா. விண்டோஸில் ஓட்டிப் பார்க்க என்னிடம் மெஷின் இல்லை. யாராவது "சி++" என்பதையும் இரட்டை & உள்ள ஒரு வரியையும் தேடிப் பார்த்து என்ன வருகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

#20 கட்டம் போட்ட நோட்டு | செவ்வாய், காலை 8:10

விண்டோஸ் 11, சப்ளைம் 4. இரண்டையும் தேடினேன், முழுசாகப் போகிறது. & உள்ள வரியில் ஸ்ட்ரிங் ஒன்றும் இருந்தது, பெட்டி வந்தது, எஸ்கேப் தட்டிப் பார்த்தேன், பிரவுசர் திறக்கவில்லை.